ஆங்கிலத் தொகைப்பெயர்களின் அசைப்பிரிப்பும் ஒலிப்பும்

ஆங்கிலத் தொகைப்பெயர் என்பது ஆங்கிலத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொற்கள் இணைந்து ஒரு பொருளை உணர்த்தும் பெயர்ச்சொல் ஆகும். பிளாக்போர்டு, போஸ்ட்மேன், பஸ் ஸ்டாப் என்பன இதற்கு எடுத்துக்காட்டுகள். இத்தகைய சொற்களை எங்கு அசை பிரிப்பது, எந்தக் கூற்றை அழுத்தி ஒலிப்பது என்பன ஆங்கில ஒலியியலில் தனியாக ஆராயப்படும் செய்திகளாகும். இரு சொற்கள் ஒரு பெயராகிவிட்டன என்பதை ஆங்கிலம் பெரும்பாலும் *அழுத்தத்தால்* அறிவிக்கிறது. தமிழ் *புணர்ச்சியால்* அறிவிக்கிறது. ஆங்கிலம் கற்கும் தமிழரும், தமிழ் ஊர்ப்பெயர்களைப் படிக்கும் ஆங்கிலம் பேசுவோரும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள் பலவற்றுக்கு இவ்வேறுபாடே அடிப்படையாகும். இக்கட்டுரையில் ஒப்பீட்டுக்காக நாமக்கல் மாவட்டத்திலுள்ள மோகனூர் வட்டாரப் பெயர்கள் எடுத்தாளப்படுகின்றன.

எழுத்து வடிவம்

ஆங்கிலத் தொகைப்பெயர்கள் மூன்று வகையாக எழுதப்படுகின்றன.

- சேர்த்து எழுதப்படுபவை: பிளாக்போர்டு, கிரீன்ஹவுஸ்
- இணைப்புக்குறியிட்டு எழுதப்படுபவை: மதர்-இன்-லா
- இடைவெளி விட்டு எழுதப்படுபவை: பஸ் ஸ்டாப், ரைஸ் மில்

இவ்வகைகளுக்குள் நிலையான எல்லை இல்லை. பேஸ்பால் என்னும் விளையாட்டின் பெயர் முதலில் இரு சொற்களாகவும், பின்னர் இணைப்புக்குறியுடனும், இறுதியில் ஒரே சொல்லாகவும் எழுதப்பட்டது. ஆகவே ஒரு சொற்றொடர் தொகைப்பெயரா அன்றா என்பதை எழுத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. ஒலிப்பையும் பொருளையும் சேர்த்தே கருத வேண்டும்.

அசை என்னும் சொல்லின் இரு பொருள்கள்

தமிழில் அசை என்னும் சொல் யாப்பிலக்கணத்திலும் ஒலியியலிலும் வழங்குகிறது. இரண்டும் ஒன்றல்ல. ஒலியியலில் ஓர் உயிரொலியை மையமாகக் கொண்டு ஒரே முயற்சியில் ஒலிக்கப்படும் பகுதி அசை எனப்படும். யாப்பிலக்கணத்தில் குறிலிணைந்து வரும் இரண்டு எழுத்துகள் ஒரே நிரையசையாகலாம்.

எடுத்துக்காட்டாக, மோகனூர் என்னும் பெயரை யாப்பு முறையில் அலகிட்டால் மோ / கனூர் என நேர், நிரை என்ற இரு அசைகள் கிடைக்கும். இது கூவிளம் என்னும் வாய்பாட்டில் அடங்கும். ஒலியியல் முறையில் பிரித்தால் மோ-க-னூர் என மூன்று அசைகள் வரும். நாமக்கல் என்னும் பெயர் நா / மக் / கல் என இரு முறைகளிலும் மூன்று அசைகளையே கொண்டுள்ளது. யாப்பில் இது தேமாங்காய் ஆகும். இக்கட்டுரையில் அசை என்பது ஒலியியல் அசையையே குறிக்கும்.

ஆங்கிலத்தில் அசைப்பிரிப்பு

ஆங்கிலத்தில் தனிச்சொல் ஒன்றின் நடுவில் வரும் மெய்யொலிகள், சொல்லின் தொடக்கத்தில் வரத்தக்கனவாக இருப்பின், இயன்றவரை அடுத்த அசையோடு சேரும் என்பது மொழியியலாளர் பலர் கூறும் பொதுவிதி. ஆனால் தொகைப்பெயரில் இவ்விதி சொற்களின் எல்லையைக் கடப்பதில்லை. இரு சொற்கள் சேர்ந்த இடமே அசைகள் பிரியும் இடமாகவும் நிற்கும்.

இதற்கு ஒலியியல் நூல்களில் அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு நைட்ரேட் என்பதாகும். உரங்களிலும் வெடிபொருள்களிலும் பயன்படும் வேதிப்பொருளைக் குறிக்கும்போது அது தனிச்சொல். அப்பொழுது டகரமும் ரகரமும் சேர்ந்து இரண்டாம் அசையைத் தொடங்குகின்றன: நை-ட்ரேட். இரவு நேரக் கட்டணத்தைக் குறிக்கும் நைட் ரேட் என்பதோ தொகைப்பெயர். அங்கு டகரம் முதல் அசையிலேயே நின்றுவிடுகிறது: நைட்-ரேட். இதனால் ஒலிப்பிலும் வேறுபாடு உண்டாகிறது. முதலாவதில் டகரமும் ரகரமும் உரசலோடு இழைந்து ஒலிக்கும். இரண்டாவதில் டகரம் வெடிக்காமல் அடங்கி நிற்கும். அதற்கு முன்னுள்ள உயிரொலியும் சற்றுக் குறுகும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே வகையாக எழுதப்படுவதால் இவ்வேறுபாடு படிப்பவருக்குப் புலப்படுவதில்லை.

இணைப்பின் இருபுறமும் ஒரே மெய்யொலி வருமாயின் அது நீட்டி ஒலிக்கப்படும். புக் + கேஸ், பென் + நைஃப், பஸ் + ஸ்டாப் என்பன இத்தகையவை. ஆங்கிலத்தில் மெய் இரட்டித்து ஒலிப்பது பெரும்பாலும் இத்தகைய இணைப்புகளில் மட்டுமே நிகழ்கிறது. தமிழில் பாடு, பாட்டு என்பனபோல் தனிச்சொல்லினுள்ளேயே இரட்டிப்பு பொருளை வேறுபடுத்துவதால், தமிழருக்கு இவ்வொலிப்பு எளிதாக அமைகிறது.

அகராதிகளிலும் அச்சிலும் அசைப்பிரிப்பு

வரி முடிவில் சொல்லை உடைத்து இணைப்புக்குறி இடும் வழக்கம் ஆங்கில அச்சில் உள்ளதால் அசைப்பிரிப்புக்கு நடைமுறைப் பயனும் உண்டு. அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர் 1783 இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டு நூலில், பழைய முறையை விடுத்து ஒலிப்பைத் தழுவிச் சொற்களைப் பிரித்தார். அதுவரை கிள-ஸ்டர் எனப் பிரிக்கப்பட்ட சொல் அவர் முறையில் கிளஸ்-டர் ஆயிற்று. அமெரிக்க அகராதிகளில் சொற்களை அசை பிரித்துக் காட்டும் வழக்கம் பரவலாக உள்ளது.

கணினி அச்சுக்கோப்பில் பிராங்க்ளின் லியாங் என்பவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1983 இல் அளித்த ஆய்வேட்டின் முறை, டொனால்டு நூத் உருவாக்கிய டெக் என்னும் மென்பொருளில் பயன்படுத்தப்பட்டது. எம்முறையாயினும், தொகைப்பெயரை உடைக்க வேண்டின் முதலில் அதன் இணைப்பிலேயே உடைப்பது சிறந்தது எனக் கருதப்படுகிறது. போஸ்ட்மேன் என்பதைப் போஸ்ட்-மேன் என உடைப்பதே முறை.

தமிழ் அச்சில் இச்சிக்கல் குறைவு. மெய்யெழுத்து வரியின் தொடக்கத்தில் வராதபடி பார்த்துக்கொண்டால், சொல்லை ஏறத்தாழ எந்த எழுத்திலும் உடைக்கலாம், இணைப்புக்குறியும் தேவையில்லை.

அழுத்தம்

ஆங்கிலத் தொகைப்பெயர்களில் பெரும்பாலானவை முதற்கூற்றில் முதன்மை அழுத்தம் பெறுகின்றன. அதே சொற்கள் அடையும் பெயருமாகத் தொடராக நிற்குமாயின் முதன்மை அழுத்தம் இரண்டாம் சொல்லுக்கு மாறுகிறது. நோம் சோம்சுக்கியும் மோரிசு ஆலேயும் 1968 இல் வெளியிட்ட ஆங்கில ஒலியமைப்புப் பற்றிய நூலில் இவை இரண்டும் இரு தனி விதிகளாக வகுக்கப்பட்டுள்ளன.

| சொல் | முதற்கூற்றில் அழுத்தம் | இரண்டாம் கூற்றில் அழுத்தம் |
|---|---|---|
| பிளாக்போர்டு | வகுப்பறைக் கரும்பலகை | கருநிறமுள்ள ஏதேனும் ஒரு பலகை |
| கிரீன்ஹவுஸ் | பசுமைக்குடில் | பச்சை வண்ணம் பூசிய வீடு |
| ஒயிட் ஹவுஸ் | அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மாளிகை | வெள்ளை நிற வீடு |
| இங்கிலீஷ் டீச்சர் | ஆங்கிலப் பாடம் கற்பிப்பவர் | இங்கிலாந்து நாட்டவரான ஆசிரியர் |

இவ்விதிக்கு விலக்குகள் பல உள்ளன. ஆப்பிள் ஜூஸ் என்பதில் அழுத்தம் முதற்கூற்றில் அமைய, ஆப்பிள் பை என்பதில் அது பொதுவாக இரண்டாம் கூற்றில் அமைகிறது. தெருப்பெயர்களில் ஸ்ட்ரீட் என முடிவன முதற்கூற்றிலும், ரோடு, அவென்யூ என முடிவன இரண்டாம் கூற்றிலும் அழுத்தம் பெறுகின்றன. இதனால் ஆக்சுபோர்டு ஸ்ட்ரீட், ஆக்சுபோர்டு ரோடு என்னும் பெயர்கள் வெவ்வேறு வகையாக ஒலிக்கின்றன. இத்தகைய விலக்குகளை விதியால் அறிதல் அரிது. அகராதி நோக்கியோ கேட்டுப் பழகியோதான் அறிய வேண்டும். டேனியல் ஜோன்சு 1917 இல் வெளியிட்ட ஆங்கில ஒலிப்பு அகராதியும், ஜான் வெல்சு 1990 இல் வெளியிட்ட ஒலிப்பு அகராதியும் இத்துறையில் பெரிதும் பயன்படுவன.

இரண்டாம் கூற்றின் தேய்வு

அழுத்தம் இழந்த கூறு நாளடைவில் தேய்வது ஆங்கிலத்தின் இயல்பு. போஸ்ட்மேன், போலீஸ்மேன் என்பவற்றின் இறுதி அசை ஆங்கிலேயர் வாயில் *மேன்* என முழுமையாக ஒலிப்பதில்லை; *மன்* என்பதற்கு நெருங்கிய தெளிவற்ற உயிரொலியோடு முடிகிறது.

பழைய தொகைப்பெயர்களில் இத்தேய்வு இணைப்பையே மறைத்துவிட்டது.

- ஷெப்பர்டு: ஷீப் (செம்மறி) + ஹெர்ட் (மேய்ப்பவர்). ஹகர ஒலி மறைந்தது.
- கபர்டு: கப் + போர்டு. பகர ஒலியும், போர்டு என்பதன் உயிரொலியும் சிதைந்தன.
- பிரெக்ஃபஸ்ட்: பிரேக் + ஃபாஸ்ட் (நோன்பை முடித்தல்). இரு கூறுகளின் உயிரொலிகளும் மாறின.
- ஆக்சுபோர்டு: ஆக்ஸ் (எருது) + ஃபோர்டு (ஆற்றைக் கடக்கும் துறை). இறுதிக்கூறு *ஃபர்ட்* எனக் குறுகியது.

கடைசியாகக் கூறப்பட்டதைப் போலவே இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்கள் பலவும் பழந்தொகைகளே. இவற்றை எழுத்தைப் பார்த்து ஒலிக்க முயலும் அயலவர் தவறுவது இயல்பு. தமிழ் ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்தில் படிக்கும் ஆங்கிலேயரின் நிலையும் இதுவே.

தமிழ்த் தொகையுடன் ஒப்பீடு

தொல்காப்பியமும், பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலும் தொகைகளை வேற்றுமைத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உவமைத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை என ஆறாக வகுக்கின்றன. இரு சொற்கள் சேருமிடத்தில் எழுத்துகள் தோன்றுதல், திரிதல், கெடுதல் ஆகிய மாற்றங்கள் நிகழலாம்.

தமிழில் ஆங்கிலத்தில் உள்ளதுபோல் பொருளை வேறுபடுத்தும் சொல்லழுத்தம் இல்லை. அழுத்தம் செய்யும் பணியை இங்குப் புணர்ச்சி செய்கிறது. கரிய பலகை என்பது கருநிறமுள்ள எந்தப் பலகையையும் குறிக்கும். கரும்பலகை என்பது வகுப்பறையில் உள்ளதையே குறிக்கும். ஆங்கிலம் அழுத்தத்தை இடம் மாற்றிக் காட்டும் அதே வேறுபாட்டைத் தமிழ் சொல்லின் வடிவத்தை மாற்றிக் காட்டுகிறது.

கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் வட்டாரத்தில் வழங்கும் கோழிக்குஞ்சு என்னும் சொல்லும் நல்ல எடுத்துக்காட்டாகும். ககரம் மிகுந்து கோழிக்குஞ்சு என வந்தால் கோழியினது குஞ்சு எனப் பொருள்படும். ககரம் மிகாமல் கோழிகுஞ்சு என வந்தால் கோழியும் குஞ்சும் என உம்மைத்தொகையாகும். முன்னதில் வல்லொலி அழுந்தி ஒலிக்க, பின்னதில் அது மென்மையாக ஒலிக்கும். ஒற்று மிகுவது எழுத்துப்பிழை தவிர்ப்பதற்கான விதி மட்டுமன்று. அது காதால் கேட்கத்தக்க பொருள் வேறுபாடு ஆகும்.

அசைப்பிரிப்பிலும் இரு மொழிகளும் வேறுபடுகின்றன. தமிழில் இணைப்பிடம் அசையின் எல்லையாக நிற்க வேண்டியதில்லை.

- கோழி + பண்ணை = கோழிப்பண்ணை (கோ-ழிப்-பண்-ணை). தோன்றிய ஒற்று முதற்சொல்லின் இறுதி அசையை மூடுகிறது.
- நாமம் + கல் = நாமக்கல் (நா-மக்-கல்). மகர ஒற்றுக் கெட்டு, ககர ஒற்றுத் தோன்றியது.
- கரும்பு + ஆலை = கரும்பாலை (க-ரும்-பா-லை). உகரம் கெட, பகர மெய் அடுத்த சொல்லின் உயிரோடு சேர்ந்தது.
- கரு + ஊர் = கருவூர் (க-ரு-வூர்). வகர உடம்படுமெய் தோன்றியது. இப்பெயரே பின்னர்க் கரூர் எனக் குறுகியது.

இணைப்பு இவ்வாறு கரைந்துவிடுவதால் ஒரே சொல்லை இருவகையாகப் பிரிக்கவும் இடமுண்டாகிறது. கரும்பலகை என்பதைக் கருமை + பலகை என்றும், கரும்பு + அலகை (பேய்) என்றும் பிரிக்கலாம். இவ்வியல்பைப் பயன்படுத்தும் அணியைத் தமிழ் அணியிலக்கணம் பிரிமொழிச் சிலேடை என்கிறது.

மோகனூர் என்னும் பெயர்

மோகனூர் காவிரியின் வடகரையில் அமைந்த ஊராகும். எதிர்க்கரையில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த வாங்கல் உள்ளது. சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இவ்வூரில் இயங்குகிறது. முருகன் கோயில் அமைந்த காந்தமலையும் இங்கு உள்ளது. சினந்து சென்ற முருகனை அன்னை மகனே என்று அழைத்த இடமாதலின் மகனூர் எனப் பெயர்பெற்று, அதுவே மோகனூர் என மருவியது என்பது ஊர் வழக்கிலுள்ள பெயர்க்காரணம்.

மகன் + ஊர் எனக் கொண்டாலும் மோகன் + ஊர் எனக் கொண்டாலும் புணர்ச்சி ஒன்றே. முதற்சொல்லின் இறுதியிலுள்ள னகர மெய், ஊர் என்பதன் ஊகாரத்தோடு சேர்ந்து *னூ* ஆகிறது. இரு சொற்களின் இணைப்பு இங்குக் கடைசி அசையின் உள்ளே மறைந்திருக்கிறது. மோகன்-ஊர் என நிறுத்தி ஒலிப்பது தமிழுக்கு இயல்பன்று.

தமிழ்ப் பெயரின் இறுதிக்கூறு தேய்வதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆக்சுபோர்டு என்பதன் இறுதிக்கூறு குறுகிவிட, மோகனூரில் உள்ள ஊர் என்பது தன் நெடிலோடு முழுமையாக ஒலிக்கிறது. அதனாலேயே ஊர் என்னும் பொருள் இன்றும் எவருக்கும் விளங்குகிறது.

ஆங்கில எழுத்தில் தமிழ் ஊர்ப்பெயர்கள்

மோகனூர் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ககரத்துக்கு எச் என்னும் எழுத்து இடப்படுகிறது. உயிரொலிகளுக்கு இடையில் வரும் ககரம் பேச்சில் மென்மையாக ஹகரத்தை ஒத்து ஒலிப்பதே இதற்குக் காரணம். இறுதியிலுள்ள ஊர் என்பது யு, ஆர் என்னும் இரண்டு எழுத்துகளால் குறிக்கப்படுகிறது. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இவ்வெழுத்துகளை *அர்* எனக் குறுக்கி ஒலிக்கக்கூடும்.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் ஊர் என்பது பல பெயர்களில் ஓ, ஆர், ஈ என்னும் எழுத்துகளால் எழுதப்பட்டது. வேலூர் வெல்லோர் என்றும், தஞ்சாவூர் டாஞ்சோர் என்றும், எழும்பூர் எக்மோர் என்றும் ஒலிக்கும்படி அமைந்தன. இவ்வடிவங்களில் ஊர் என்னும் கூறு இருப்பதே மறைந்துவிடுகிறது.

இதனைச் சீர்செய்யும் நோக்கில் தமிழ்நாடு அரசு 2020 ஜூன் மாதம் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. ஊர் என்பதற்கு இரட்டை ஓ இடப்பட்டதும், கோயம்புத்தூர் போன்ற பெயர்களில் இரட்டித்த வல்லினம் முழுமையாகக் காட்டப்பட்டதும் அதில் காணப்பட்ட மாற்றங்களுட் சில. எழுத்துகள் மிகுந்து படிக்கக் கடினமாக உள்ளன என்றும், ஒரே முறை பின்பற்றப்படவில்லை என்றும் விமர்சனம் எழுந்தது. அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

ஊர்ப்பெயர் ஒலிப்பில் மூன்று செய்திகள் உள்ளன: உயிரின் நீளம், மெய்யின் இரட்டிப்பு, சொல்லின் அழுத்தம். முதல் இரண்டையும் எழுத்தால் காட்ட முடியும். 2001 இல் வெளியான ஐஎஸ்ஓ 15919 என்னும் எழுத்துப்பெயர்ப்புத் தரமும் இவற்றைக் காட்டுகிறது. ஆங்கிலம் பேசுவோர் தம் வழக்கப்படி சேர்க்கும் அழுத்தத்தை எந்த எழுத்துக்கூட்டலாலும் தடுக்க இயலாது.

தமிழ்ப் பேச்சில் ஆங்கிலத் தொகைப்பெயர்கள்

ஆங்கிலத் தொகைப்பெயர்கள் தமிழ்ப் பேச்சில் வழங்கும்போது தமிழ் ஒலியமைப்புக்கு ஏற்ப மாறுகின்றன.

- *அசை பெருகுதல்:* பிளாக்போர்டு ஆங்கிலத்தில் இரண்டே அசைகள் கொண்டது. தமிழ்ப் பேச்சில் பி-ளாக்-போர்-டு என நான்காகிறது. தொடக்கத்திலுள்ள மெய்ம்மயக்கம் இகரத்தால் பிரிக்கப்படுகிறது. இறுதியில் உகரம் சேர்கிறது.
- *அழுத்தம் சமனாதல்:* பஸ் ஸ்டாண்டு, ரைஸ் மில் என்பவற்றில் இரு கூறுகளும் ஒத்த அளவில் ஒலிக்கின்றன.
- *மெய் இடம்பெயர்தல்:* முதுகுவலியைக் குறிக்கும் பேக் + ஏக் என்பது உடல்மேல் உயிர் ஏறும் தமிழ் முறைப்படி *பேக்கேக்* என ஒலிக்கிறது. ஆங்கிலேயர் செவிக்கு இதன் இறுதி, கேக் என்னும் தின்பண்டமாகக் கேட்கலாம்.
- *ஒற்று மிகுதல்:* டீக்கடை, லாரிப்பட்டறை முதலிய கலப்புத்தொகைகளில் ஆங்கிலச் சொல்லின் பின்னும் வல்லினம் மிகுகிறது. பஸ் என்பது உருபேற்கும்போது பஸ்ஸில் என இரட்டிப்பதும் கல் + இல் = கல்லில் என்பதுபோன்ற முறையே.

இவற்றுள் முதலாவதும் நான்காவதும் கடன்சொல் தமிழாகிவிட்டதன் அடையாளங்கள். தமிழ் பேசும்போது இவற்றைப் பிழை எனக் கொள்வதற்கில்லை. ஆங்கிலம் பேசும்போது இவை தொடர்ந்தால்தான் கேட்பவருக்கு இடர் நேரலாம்.

கற்பித்தலும் கருத்து வேறுபாடும்

ஐதராபாத்தில் 1958 இல் தொடங்கப்பட்ட மத்திய ஆங்கில நிறுவனத்தில் இந்தியரின் ஆங்கில ஒலிப்புப் பற்றி ஆய்வுகள் நடைபெற்றன. இந்திய ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்பதை ஆராய்ந்த ஆர். கே. பன்சால், தவறான இடத்தில் அமையும் சொல்லழுத்தத்தைப் புரியாமைக்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக 1969 இல் காட்டினார். தனி ஒலிகளைத் திருத்துவதோடு அழுத்தத்தையும் கற்பிக்க வேண்டும் என்னும் கருத்துக்கு இது வலுவூட்டியது.

ஜெனிஃபர் ஜென்கின்சு 2000 இல் வெளியிட்ட நூலில் வேறொரு கருத்தை முன்வைத்தார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் தமக்குள் பேசும்போது சொல்லழுத்தம் இன்றியமையாததன்று என்பது அவர் கருத்து. உயிரின் நீளம், சொல்லின் தொடக்கத்திலுள்ள மெய்ம்மயக்கம், தொடரில் முதன்மை அழுத்தம் அமையும் இடம் ஆகியவற்றை அவர் இன்றியமையாதனவாகக் கொண்டார்.

இரு கருத்துகளும் வெவ்வேறு கேட்போரை மனத்திற்கொண்டவை. எனினும் தமிழ் மாணவருக்கு விதிகளை மனப்பாடம் செய்விப்பதைவிட, அவர்கள் அறிந்த வேறுபாட்டிலிருந்து தொடங்குவது எளிது. கோழிக்குஞ்சு, கோழிகுஞ்சு என்னும் இரண்டையும் ஒற்றைக் கொண்டு பிரித்தறியும் மாணவருக்கு, ஆங்கிலம் அதே வகைப் பணியை அழுத்தத்தைக் கொண்டு செய்கிறது என விளக்கலாம். எழுத்தில் காணப்படாத அழுத்தத்தைக் கேட்டறிய வேண்டிய தேவை இதனால் அவர்களுக்குத் தெளிவாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- புணர்ச்சி (இலக்கணம்)
- தொகைநிலைத் தொடர்
- அசை (யாப்பிலக்கணம்)
- மோகனூர்
- எழுத்துப்பெயர்ப்பு